தோற்றவர் கையெழுத்து

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தீபாவளி முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனிக் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் புகை. அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு அப்போதுதான் வாக்குச்சாவடிகளைத் திறந்திருந்தார்கள். எதிர் ஃபிளாட் அக்காவின் மகன் டல்லாஸில் இருக்கிறான். மருமகளுக்கு ஏழாவது மாதம். "டிவியைப் போடேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தவர், பெரியப்பாவிடம் கேட்டார்: "ஏன் அண்ணா, அந்த டிரம்ப் இந்தத் தடவையும் தோத்துப்போயி, இந்தத் தடவையும் ஒத்துக்கமாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?"

பெரியப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தபோது டெல்லியில் நான்கு தேர்தல்களில் வாக்கு எண்ணும் பணிக்குப் போயிருக்கிறார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எத்தனையோ ஃபார்ம்ல கையெழுத்து வாங்குவோம்மா. 'நான் தோத்துட்டேன்'னு கையெழுத்து வாங்குற ஃபார்ம் ஒண்ணுகூடக் கிடையாது."

மறுநாள் நம் நேரப்படி சாயங்காலம் நான்கு மணி வாக்கில் டிரம்ப் ஜெயித்துவிட்டார் என்பது தெரிந்துபோனது. கமலா ஹாரிஸ் அவருக்கு போன் செய்து வாழ்த்துச் சொன்னார். நமக்குப் பின்னிரவு மூன்று மணி ஆகும் சமயத்தில், வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழக வளாகத்தில் தன் ஆதரவாளர்கள் முன்னால் நின்று, முடிவை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அக்கா கேட்ட கேள்விக்கு அந்த வருஷம் வேலை இல்லாமல் போனது. ஆனாலும் 2020-ல் அப்படி நடந்திருக்கிறது, இனிமேலும் நடக்கலாம். அதனால் பெரியப்பா சொன்ன அந்த ஒரு வரி அமெரிக்காவுக்கும் பொருந்துமா என்று உட்கார்ந்து பார்க்கத் தோன்றியது.

பொருந்துகிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் தண்டனை என்றும் கிடையாது. அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். 1896-ல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தன்னைத் தோற்கடித்த வில்லியம் மெக்கின்லிக்குத் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அந்தத் தந்தியிலிருந்து ஆரம்பித்த மரியாதை இது. தந்தி பிறகு வானொலிப் பேச்சானது, அப்புறம் தொலைக்காட்சிப் பேச்சானது. ஜெயித்தவருக்கு ஒரு போன், அதன்பின் மேடை ஏறி நாலு வார்த்தை என்ற வரிசை நிலைத்துவிட்டது.

அதற்குச் சட்டத்தில் எடை இல்லை என்பதைக் காட்ட 2000-ஆம் வருஷத்து ராத்திரி ஒன்றே போதும். அல் கோர், தோற்றுவிட்டதாக நினைத்து ஜார்ஜ் புஷ்ஷுக்கு போன் செய்து வாழ்த்திவிட்டார். நாஷ்வில் நகரில் மழையில் காத்திருந்த ஆதரவாளர்களிடம் பேசக் காரில் கிளம்பியும் விட்டார். வழியில், ஃபுளோரிடாவில் வித்தியாசம் கரைந்துகொண்டே வருகிறது என்று தகவல் வந்தது. திரும்பவும் புஷ்ஷுக்கு போன் போட்டு, முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சொன்னதற்கும் பலன் இல்லை, திரும்பப் பெற்றதற்கும் தடை இல்லை. அதன்பின் 36 நாள் இழுபறி. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12 அன்று மறு எண்ணிக்கையை நிறுத்தியது. ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம் என்பது நிலைத்தது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றுப் பேசினார். நாடு முழுக்க எண்ணினால் அவர்தான் ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியவர்.

ஒப்புதல் தேவையில்லை என்றால், பதவி எப்படிக் கைமாறுகிறது?

நம் ஊரில் தேர்தல் ஆணையம் ஒரே நாளில் எண்ணி, ஒரே தளத்தில் முடிவைப் போட்டுவிடும். அங்கே அப்படி ஒரு மத்திய ஆணையம் எண்ணுவதில்லை. ஒவ்வொரு மாகாணமும், அதற்குள் ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாக எண்ணுகின்றன. தேர்தல் ராத்திரி டிவிக்காரர்கள் "இவர் ஜெயித்தார்" என்று சொல்வது கணிப்பு. சட்டப்படியான கணக்கு அதன்பிறகு வாரக்கணக்கில் நடக்கிறது. உள்ளூர் அதிகாரிகள் கணக்கைச் சரிபார்த்துச் சான்று தருவார்கள். மாகாண அளவில் அதை உறுதி செய்வார்கள். பிறகு ஆளுநர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். எங்கள் மாகாணத்தில் இன்னார் ஜெயித்தார், அவர் சார்பில் ஓட்டுப் போடப்போகும் தேர்வாளர்கள் இவர்கள் என்பது அதில் இருக்கும். நம் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுப்பது போல, அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தத் தேர்வாளர்கள்தான். மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் ஜெயம். டிசம்பர் நடுவில் அவரவர் மாகாணத் தலைநகரில் கூடி ஓட்டுப் போடுவார்கள். அந்தச் சீட்டுகள் வாஷிங்டனுக்குப் போகும். ஜனவரி 6 அன்று மதியம் ஒரு மணிக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி அவற்றைப் பிரித்து எண்ணும். துணை அதிபர் தலைமை தாங்குவார். ஜனவரி 20, நண்பகல் 12 மணிக்குப் பழைய அதிபரின் பதவிக்காலம் முடியும்.

இந்த நண்பகல் கணக்கு முக்கியமானது. 1933-ல் நிறைவேறிய இருபதாவது திருத்தம், பழைய அதிபரின் காலம் அந்த நிமிஷத்தோடு முடிகிறது என்று நேரம் குறித்துவிட்டது. அவர் ராஜினாமா செய்யத் தேவையில்லை, யாரும் அவரை நீக்கவும் தேவையில்லை. டெல்லியில் ராத்திரி பத்தரை ஆகும்போது அவர் சாதாரணக் குடிமகன். அணு ஆயுத உத்தரவுக்கான ரகசியக் குறியீடும் அந்த நேரத்தோடு செல்லாததாகிவிடும். 2021-ல் டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு வராமல் காலையிலேயே ஃபுளோரிடா போய்விட்டார். அணு ஆயுத உத்தரவுக்காக அவரோடு போன பெட்டி 12 மணிக்கு உயிரிழந்தது, வாஷிங்டனில் இருந்த இன்னொரு பெட்டி பைடனுக்கு உயிர்பெற்றது. வெள்ளை மாளிகையை விட்டு அவர் வெளியேறாவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டிருந்தால் அதற்கும் இதுதான் பதில். 12 மணிக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் இருக்க உரிமையில்லாத ஒருவராக அவர் ஆகிவிடுகிறார். பாதுகாவலர்கள், ராணுவம், சமையல்காரர் வரை எல்லோரும் புதிய அதிபருக்குக் கீழ்ப்பட்டவர்கள்.

ஜனவரி 20 வரைக்கும் ஜெயித்தவர் யார் என்றே முடிவாகவில்லை என்றால்? அப்போதும் பழையவருக்கு ஒரு நாள்கூட நீட்டிப்பு கிடையாது. துணை அதிபராகத் தேர்வானவர் இருந்தால் அவர் பொறுப்பேற்பார். அவரும் இல்லையென்றால் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அதில் பெரிய மாகாணம் சின்ன மாகாணம் என்று பார்ப்பதில்லை. மாகாணத்துக்கு ஒரே ஓட்டு, 26 கிடைக்க வேண்டும்.

ஆக, தோற்றவர் வெறும் வேட்பாளர் என்றால் அவர் ஒப்புக்கொள்ளாததால் இந்த ஏற்பாட்டில் ஒரு திருகாணிகூட அசையாது. ஆபத்து எங்கே வருகிறது என்றால், தோற்றவர் அப்போது அதிபராகவும் இருக்கும்போது. நவம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி 20 வரை, கிட்டத்தட்ட இரண்டரை மாதம், அரசாங்கம் அவர் கையில் இருக்கிறது. 2020-ல் அதுதான் நடந்தது.

அந்த இரண்டரை மாதம்

ஜோ பைடனுக்கு 306 தேர்வாளர்கள், டிரம்புக்கு 232. மக்கள் ஓட்டில் வித்தியாசம் எழுபது லட்சத்துக்கும் மேல். டிரம்ப் ஏற்கவில்லை. வழக்குப் போடுவது அவர் உரிமை, அதில் தப்பில்லை. அவர் தரப்பும் ஆதரவாளர்களும் போட்ட வழக்குகள் அறுபதைத் தாண்டின. முடிவை மாற்றும்படியான ஒரு தீர்ப்புகூட வரவில்லை. அவரே நியமித்த நீதிபதிகளும் தள்ளுபடி செய்தார்கள்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது நீதிமன்றம் அல்ல, அதற்குக் கீழே நடந்தவை. மிச்சிகன் மாகாணத்தில் முடிவை உறுதி செய்யும் வாரியத்தில் நான்கே பேர். கட்சிக்கு இரண்டு பேர். பைடன் அங்கே ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் முன்னால் இருந்தார். ஆனாலும் டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட மறுத்தால் சிக்கல். நவம்பர் 23 அன்று கூட்டம். ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார். இன்னொருவர் ஆரன் வான் லாங்கவெல்டே. சட்டம் எனக்குக் கொடுத்த வேலை கணக்கை உறுதி செய்வது, அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை என்கிற நிலையில் நின்று கையை உயர்த்தினார். தன் கட்சித் தலைவர் நாட்டின் அதிபராக இருந்துகொண்டு வேறொன்றை எதிர்பார்க்கும்போது அதைச் செய்தார். அடுத்த முறை அவரை அந்த வாரியத்துக்குக் கட்சி பரிந்துரைக்கவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் ஒரு கிளார்க் வேலையைத்தான் செஞ்சிருக்கார். அதைச் செய்யறதுதான் கஷ்டம்" என்றார்.

ஜார்ஜியாவில் மூன்று தடவை எண்ணினார்கள். ஒரு தடவை முழுக்கக் கையால். பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்திருந்தார். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப், அங்கே தேர்தலைக் கவனிக்கும் மாகாணச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கருக்கு போன் செய்து, 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டார். ஒன்று கூடுதல். அந்த உரையாடல் பதிவாகி வெளியே வந்தது. ராஃபன்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். எண்ணியது எண்ணியதுதான் என்று நின்றார்.

இன்னொரு முடிச்சு, அதிகம் பேர் கவனிக்காதது. ஜெயித்தவர் பதவியேற்கும் முன் அலுவலகம், பணம், ரகசியத் தகவல் எல்லாம் அவர் குழுவுக்குக் கிடைக்க ஒரு சட்டம் உண்டு, 1963-ல் வந்தது. ஜெயித்தவர் இவர்தான் போலிருக்கிறது என்று அரசுக் கட்டடங்களையும் கொள்முதலையும் கவனிக்கும் துறையின் தலைவர் ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதம் 2020-ல் நவம்பர் 23 வரை வரவில்லை. மிச்சிகன் வாரியம் கையெழுத்துப் போட்ட அதே நாள்தான் அதுவும் வந்தது. கொரோனா உச்சத்தில் இருந்த, தடுப்பூசி விநியோகத்துக்குத் திட்டம் போட வேண்டிய மூன்று வாரம் போனது போனதுதான். 2000-ல் நடந்த இழுபறியால் புஷ் அரசுக்கு ஆள் நியமிக்கக் கிடைத்த காலம் பாதியாகக் குறைந்ததை, செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையமும் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. தோல்வியை ஏற்காமல் இழுப்பதற்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் ஜெயித்தவர் மட்டும் அல்ல, ஓட்டுப் போட்ட, போடாத எல்லோரும்.

2021 ஜனவரி 6 டெல்லிக்கு ராத்திரி. வாஷிங்டனில் மதியம் ஒரு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. நல்ல குளிர், ரஜாயை விட்டு வெளியே வர மனசில்லாத ராத்திரி. சும்மா ஒரு சடங்கைப் பார்க்கலாம் என்றுதான் பெரியப்பாவும் நானும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பன்னிரண்டரைக்கு மேல் டிரம்ப் ஆதரவாளர்களின் கூட்டம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போனது. துணை அதிபர் மைக் பென்ஸைப் பாதுகாவலர்கள் அழைத்துக்கொண்டு போனார்கள். அன்று சுமார் 140 போலீஸ்காரர்கள் காயம்பட்டார்கள். அந்தக் களேபரத்தில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஊழியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தேர்வாளர் சீட்டுகள் இருந்த மரப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவை கூட்டத்தின் கையில் சிக்கியிருந்தால் எண்ணிக்கை எத்தனை நாள் தள்ளிப்போயிருக்குமோ. வாஷிங்டனில் ராத்திரி எட்டு மணிக்கு அவை திரும்பக் கூடியது. அரிசோனா, பென்சில்வேனியா முடிவுகள் மீதான ஆட்சேபங்களை விவாதித்துத் தள்ளினார்கள். எண்ணி முடித்தபோது அங்கே பின்னிரவு மூன்றே முக்கால் மணி ஆகப்போகிறது. இங்கே மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது.

இதற்குப் பிறகு, தேர்வாளர் சீட்டுகளை எண்ணுவதற்கான சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை இருந்தது 1887-ஆம் வருஷத்துச் சட்டம். அதுவும் ஒரு பழைய சண்டையில் பிறந்ததுதான். 1876 தேர்தலில் சாமுவேல் டில்டனுக்கு 184 தேர்வாளர்கள், ஜெயிக்க அப்போது ஒருவர்தான் குறைவு. இருபது பேர் விஷயத்தில் தகராறு. 15 பேர் கொண்ட ஆணையம் 8-க்கு 7 என்று இருபதையும் எதிர் வேட்பாளர் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸுக்குக் கொடுத்தது. பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் முடிவே தெரிந்தது. அந்தக் குழப்பத்துக்குப் பத்து வருஷம் கழித்துப் போட்ட சட்டம் படிக்கவே பிடிபடாத நடையில் இருந்தது. 2020-ல் அதன் ஓட்டைகளைத்தான் பயன்படுத்தப் பார்த்தார்கள். 2022 டிசம்பரில் வந்த திருத்தம் அவற்றை அடைத்தது. துணை அதிபருக்கு வாசித்து அறிவிக்கும் வேலை மட்டும்தான், எதையும் தள்ளவோ ஏற்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். முன்பு ஒரு மாகாண முடிவை ஆட்சேபிக்க அவைக்கு ஒருவர் போதும். இப்போது இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். ஆளுநரின் சான்றிதழுக்கும் கெடு வைத்தார்கள். அப்புறம், தேர்தல் முடிந்து ஐந்து நாளாகியும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்த அலுவலக வசதிகள் இரண்டு தரப்புக்கும் கிடைக்கும் என்றும் சேர்த்தார்கள். தோல்வியை ஒப்புக்கொள்வது என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஏதோ ஒரு மூலையில் இடம் கிடைத்தது இப்போதுதான். அதுவும், ஒப்புதல் வராவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக.

தானே தன் தோல்வியை வாசிப்பது

துணை அதிபர் எண்ணிக்கைக்குத் தலைமை தாங்குவதால் ஒரு விசித்திரம் நேர்கிறது. அவரே அதிபர் தேர்தலில் நின்று தோற்றிருந்தால், தன் தோல்வியைத் தானே சபையில் அறிவிக்க வேண்டும். 1961-ல் ரிச்சர்டு நிக்ஸன் கென்னடியின் வெற்றியை இப்படி அறிவித்தார். 2001-ல் கோர். ஆனால் என் மனசில் நிற்பவர் 1861-ல் அதைச் செய்த ஜான் பிரெக்கின்ரிட்ஜ். ஆபிரகாம் லிங்கனிடம் தோற்றவர், தென் மாகாணங்களின் வேட்பாளர். லிங்கன் ஜெயித்ததை ஏற்காமல் தெற்கில் மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோய்க்கொண்டிருந்தன. பிப்ரவரி 13 அன்று, நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் படை காவல் நிற்க, பிரெக்கின்ரிட்ஜ் சீட்டுகளைப் பிரித்து லிங்கனுக்கு 180, தனக்கு 72 என்று அறிவித்தார். அதே மனிதர் சில மாதங்களில் தெற்கின் படையில் தளபதியாகச் சேர்ந்து லிங்கனுக்கு எதிராகப் போரிட்டார். நாட்டையே ஏற்க மறுக்கப்போகிறவர்கூட, எண்ணும் மேஜையில் எண்ணை மாற்றவில்லை.

பக்கத்தில் இலங்கையைப் பார்த்தால் நமக்கு இன்னும் புரியும். 2015 ஜனவரி 9 விடியற்காலை, எண்ணிக்கை முடியும் முன்பே மகிந்த ராஜபக்ச தோல்வியை ஏற்று அதிகாரபூர்வ இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேறினார். ஒன்பது வருஷம் அசைக்க முடியாதவராக இருந்தவர். அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருந்தால் அதன் விலையை வடக்கு கிழக்கில் ஓட்டுப் போட்ட தமிழர்கள்தான் முதலில் கொடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆப்பிரிக்காவில் காம்பியாவின் யாஹ்யா ஜாமே 2016-ல் ஜெயித்தவருக்கு போன் செய்து வாழ்த்தியதை டிவியில் காட்டினார்கள். ஒரு வாரத்தில் மனசு மாறி, ஏற்கமாட்டேன் என்றார். ஜெயித்த அடாமா பாரோ பக்கத்து நாடான செனகலில், தன் நாட்டுத் தூதரகத்துக்குள் பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டி வந்தது. அண்டை நாடுகளின் படை எல்லை தாண்டிய பிறகுதான் ஜாமே கிளம்பினார். ஐவரி கோஸ்ட்டில் 2010-ல் தோற்ற லோரான் பாக்போவும் ஜெயித்த அலசான் வட்டாராவும் ஒரே நாளில் தனித்தனியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். நான்கு மாதச் சண்டையில் சுமார் மூவாயிரம் பேர் செத்தார்கள். ஜனவரி 20 நண்பகல் போல ஒரு கெடுவும், அதற்குக் கட்டுப்படும் படையும் இல்லாத இடத்தில், ஒருவர் "மாட்டேன்" என்பதன் எடை அது.

நம் நாட்டில் ஒப்புக்கொள்ளாதவருக்கென்று ஒரு வாசல் இருக்கிறது, நீதிமன்றம். மக்களவை, சட்டமன்றத் தேர்தல் என்றால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. 1971-ல் ரேபரேலியில் 1,11,810 ஓட்டில் தோற்ற ராஜ் நாராயண் அந்த வாசலில்தான் நுழைந்தார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் வெற்றி செல்லாது என்றது. அதன்பிறகு நெருக்கடி நிலை வந்தது, எல்லோருக்கும் தெரியும். 1977-ல் அதே ராஜ் நாராயணிடம் 55,202 ஓட்டில் தோற்றபோது, இந்திரா ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினார். நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர் அதைச் செய்தார் என்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

குடியரசுத் தலைவர் தேர்தல் என்றால் வழக்கு நேராக இங்கே திலக் மார்க்கில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு, அரசியல் சட்டத்தின் 71-வது பிரிவின்படி. 1969-ல் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வி.வி. கிரி ஜெயித்ததை எதிர்த்து வழக்குப் போனது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சியம் சொன்னார். 2012-ல் பிரணாப் முகர்ஜியிடம் தோற்ற பி.ஏ. சங்மா, பிரணாப் ஆதாயம் தரும் பதவி வகித்தார் என்று வழக்குப் போட்டார். ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அதைத் தள்ளினார்கள், இரண்டு பேர் விசாரிக்கலாம் என்றார்கள். அந்த மாதங்களில் பிரணாப் ராஷ்டிரபதி பவனில் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருவேளை தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், அதுவரை அவர் செய்தவை செல்லும் என்று 71-வது பிரிவே சொல்லிவைத்திருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு, சட்டம் போதும், தோற்றவர் வாய் திறந்தால் என்ன திறக்காவிட்டால் என்ன என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றுதான் தன் கதையைச் சொன்னார்.

ஒரு சட்டமன்றத் தொகுதி எண்ணிக்கை. பள்ளிக்கூடத்துப் பெரிய அறை, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மேஜைகள், அந்தப் பக்கம் முகவர்கள். எந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் வேட்பாளர் வாரியாக எண் வரும். அதைத் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும், முகவர்கள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படி. கடைசிச் சுற்றில் சில நூறு ஓட்டில் ஒருவர் தோற்றார். மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக்கொடுத்தார். தேர்தல் அதிகாரி காரணம் எழுதி மறுத்துவிட்டார். முடிவை அறிவித்தாகிவிட்டது. வெளியே வந்தால் ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேர். "சோர்", அதாவது திருடன் என்று கத்துகிறார்கள். பஸ்ஸுக்குள் நாற்பது பேர், பாதிப் பேர் பள்ளிக்கூட டீச்சர்கள். காலை ஐந்து மணிக்கு வந்தவர்கள். ஜன்னலில் அடி விழுந்தது.

"அப்போ அந்தத் தோத்த ஆள் வந்தாருப்பா. கண்ணெல்லாம் செவந்திருக்கு. பஸ் படிக்கட்டுல ஏறி நின்னு, 'ஹார் கயே பாயி, கர் சலோ'ன்னார். தோத்துட்டோம் தம்பிங்களா, வீட்டுக்குப் போவோம். ரெண்டு தடவை சொன்னார். கூட்டம் விலகிடுச்சு. போலீஸ் சொல்லி விலகல, நாங்க சொல்லி விலகல. அவர் சொன்னாத்தான் விலகும்."

ஜார்ஜியாவில் அந்த வார்த்தை வரவில்லை. அட்லாண்டாவில் வாக்கு எண்ணிய ஒரு தாயும் மகளும் கள்ள ஓட்டுகளைச் சேர்த்து எண்ணினார்கள் என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி ஊரெல்லாம் சொன்னார். அது பொய். ஆனால் மிரட்டல்கள் வந்து குவிந்தன, தாய் தன் வீட்டை விட்டு ஒளிந்திருக்க வேண்டி வந்தது. 2023 டிசம்பரில் ஜூரி அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. தேர்தல் முடிந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு. பெரியப்பா சொன்னதை அங்கே வைத்துப் பார்த்தேன். பதவி கைமாறத் தோற்றவரின் சம்மதம் தேவையில்லைதான். எண்ணியவர்கள் வீடு போய்ச் சேர அது தேவைப்படுகிறது. அதிபர் மாளிகைக்குப் படை காவல் உண்டு. எண்ணும் மேஜையில் உட்கார்ந்தவருக்கு, தோற்றவர் தன் ஆட்களிடம் சொல்லும் அந்த இரண்டு வார்த்தையை விட்டால் வேறு காவல் கிடையாது.

2025 ஜனவரி 6, ராத்திரி பதினொன்றரைக்குத் திரும்பவும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இந்தத் தடவை தலைமை நாற்காலியில் அப்போது துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் படித்தது இங்கே மண்டி ஹவுஸ் பக்கம் இருக்கும் லேடி இர்வின் கல்லூரியில். துளசேந்திரபுரத்துக்காரரான தாத்தா டெல்லியில் மத்திய அரசு வேலை பார்த்தவர். அதனாலேயே எங்கள் வீட்டில் அவரை ஏதோ தெரிந்த வீட்டுப் பெண் போலப் பார்ப்பார்கள். மாகாணத்துக்கு ஒன்றாகச் சீட்டுகளை வாசித்தார்கள். கடைசியில் ஹாரிஸ் எழுந்து, டொனால்டு டிரம்புக்கு 312, கமலா ஹாரிஸுக்கு 226 என்று தன் பெயரைத் தானே சொல்லிப் படித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக டல்லாஸ் போயிருந்த அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "பார்த்தீங்களா அண்ணா, முடிஞ்சிருச்சு."

பெரியப்பா கேட்டார்: "வெளியில கூட்டம் எதுவும் இருக்காம்மா?"

"கூட்டமெல்லாம் இல்ல. வாஷிங்டன்ல பனி கொட்டுதாம், ரோட்டுல ஆளே இல்லைன்னு டிவியில காட்டுறாங்க."

"சரி, அப்போ தூங்கலாம்" என்று பெரியப்பா ஹீட்டரை அணைத்தார்.